பகுதி பிரித்த குழுவில் மூன்று ஆண்டுகள்

"குழுவில் கண்டதையும் போடுகிறார்கள், பகுதி பகுதியாகப் பிரித்துவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அவருடையது கைப்பேசிச் செயலியில் ஓடும் கேமரா குழு. எங்களுடையது சைக்கிள் பழுதுபார்ப்பு. என்னையும் சேர்த்து மூன்று நிர்வாகிகள். மூன்று ஆண்டுகளாகப் பிரித்து வைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இது.

முன்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். பூப்படத்தோடு காலை வணக்கம், எங்கிருந்தோ வந்த வேலைவாய்ப்புச் செய்தி, நடுவில் பாவம் யாரோ பிரேக் பற்றிக் கேட்டிருப்பார். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்ற வசதியை (வாட்ஸ்அப்பில் 2018இலேயே வந்துவிட்டது) ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். குப்பை நின்றது, கேள்விகளும் நின்றன. மூன்று பேர் மாறி மாறி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பிரித்தோம். பிரேக், செயின்-கியர், சக்கரம், வாங்க-விற்க, கடைசியாக 'அரட்டை'. அரட்டை என் யோசனை. துரத்துவதைவிட ஓர் இடம் கொடுத்துவிடுவது நல்லது என்று நினைத்தேன், கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். பிறகுதான் படித்தேன்: யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாதக் குழுக்களை 1987வாக்கில் மொத்தமாகப் பெயர் மாற்றி அடுக்கியபோதே, ஓயாத வாதங்களைக் கொண்டுபோய்த் தள்ள 'டாக்' (பேச்சு) என்று தனிக் கிளை வைத்திருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், வேலை செய்கிறது. இரண்டே வாரத்தில் பூக்கள் அரட்டைக்குக் குடிபோயின. வேண்டாத பகுதியை மட்டும் ஒலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். கூடவே மெதுவாக்கும் வசதியையும் போட்டோம்: ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்கு 30 விநாடி காத்திருக்க வேண்டும். டிஸ்கார்ட் என்ற குழுச் செயலியில் இதை 6 மணி நேரம் வரைகூட வைக்கலாம். எங்களுக்கு 30 விநாடியே போதுமாக இருந்தது. 'சார்', 'ஒரு டவுட்', 'கேட்கலாமா' என்று மூன்று துண்டாக வந்தது ஒரே முழுக் கேள்வியாக வர ஆரம்பித்தது. இதற்காகவே அந்த வசதியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது என் எரிச்சல். தவறான பகுதியில் விழுந்த செய்தியை எடுத்துச் சரியான பகுதியில் வைக்க நாங்கள் பயன்படுத்தும் செயலியில் வழி இல்லை. மூன்று ஆண்டுகளாக இல்லை.

இது அற்ப விஷயமாகத் தெரியும். பிரித்துப் பாருங்கள், தெரியும். மனிதர்கள் எந்தப் பகுதி திறந்திருக்கிறதோ அதில்தான் எழுதுவார்கள். எப்போதும் திறந்திருப்பது அரட்டை, ஏனென்றால் ஆள் இருப்பது அங்கேதான். இன்று காலை ஒருவர் சூரியோதயப் படத்துக்குக் கீழே கேட்கிறார்: "புது செயின் போட்டேன், அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது." பதினோரு பதில்கள். அத்தனையும் முத்து. பழைய செயினோடு சேர்ந்து கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பல்லும் தேய்ந்திருக்கும், புது செயின் அதில் உட்காராது, இனிமேல் தேய்மானம் (செயின் நீண்டுபோன அளவு) 0.75 சதவீதத்தைத் தொடும்போதே செயினை மாற்றுங்கள், பின்னால் 11 கியரோ அதற்கு மேலோ என்றால் 0.5லேயே மாற்றிவிடுங்கள், கேசட் தப்பிக்கும். செயின்-கியர் பகுதியில் ஆறு மாதமாக இவ்வளவு நல்ல உரையாடல் நடக்கவில்லை. நடந்தது அரட்டையில். மதியத்துக்குள் எண்பது செய்திகளுக்கு அடியில் போய்விட்டது.

முன்னனுப்பிவிட்டு மூலத்தை அழிக்கலாம் என்பார்கள். செய்து பாருங்கள். எது எதற்குப் பதில் என்ற இணைப்பு அறுந்துவிடும். கேட்டவர் கேட்ட இடத்தில் வந்து தேடிவிட்டு, என் கேள்வியை ஏன் நீக்கினீர்கள் என்று தனிச்செய்தியில் சண்டைக்கு வருவார். "அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொன்னாலோ, பாதிப் பேர் கோபித்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுவார்கள், மீதிப் பேர் கேட்பார்கள், அதற்குள் பதில் சொன்னவர்கள் களைத்திருப்பார்கள். டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருளில் நெறியாளர் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து வேறு தலைப்புக்கு நகர்த்திவிடலாம். யூஸ்நெட்டில்கூட, இதற்கான பதில்கள் இன்ன குழுவுக்குப் போகட்டும் என்று எழுதுபவரே தலைப்பகுதியில் குறித்துவிட முடிந்தது. கைப்பேசிக்கு வந்த பிறகு நாங்கள் கையால் அள்ளிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் குழுவில் பகுதி பிரிக்கும் வசதியை அணைத்துவிடுவேனா என்றால், மாட்டேன். பூக்கள் திரும்பி வந்துவிடும். முதல் வருடத்தைவிடக் குழு இப்போது எவ்வளவோ தேவலை, இதை மற்ற இரு நிர்வாகிகளும் சொல்வார்கள்.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம், பிரிக்காதீர்கள். அதை எழுதியது அந்தச் செயின் கேள்வியின் பதினோராவது பதிலை முன்னனுப்பி முடித்த ஐந்தாவது நிமிடத்தில். அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.