மழையில் லி நதி: படகுக்கு மூன்றரை நட்சத்திரம், சாப்பாட்டுக்கு ஒன்று

சீனாவில் குய்லின் வரை போய்விட்டு லி நதிப் படகில் ஏறாமல் வந்தேன் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நல்ல மழை என்று தெரிந்தும் மே மாதத்துக்கு டிக்கெட் போட்டது என் தப்புதான். முதல்நாள் ராத்திரி பிடித்த மழை, காலையில் மோபான்ஷான் படகுத்துறைக்கு வேன் போய்ச் சேரும்போதும் விடவில்லை. "பணம் திருப்பித் தருவாங்களான்னு கேளுடா" என்றார் அம்மா. கேட்டேன். வெறும் மழைக்கெல்லாம் கிடையாதாம்.

படகு போய்ச் சேரும் ஊரான யாங்ஷுவோவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடுதலாகக் கொடுத்து மாடியில் ஜன்னலோர இருக்கை வாங்கியிருந்தேன். தண்டச்செலவு. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். அத்தனை பேர் மூச்சிலும் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. டிஷ்யூவால் துடைத்த ஓட்டையில் தெரிந்தது முன்னால் போன படகின் பின்பக்கம். இங்கே படகுகள் தேர் ஊர்வலம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகின்றன.

வழியில் யாங்டி என்ற ஊரைத் தாண்டியதும் பொறுக்காமல் மேல்தளத்துக்குப் போனோம். பக்கத்து மலை கரும்பச்சை, அடுத்தது சாம்பல், அதற்கும் பின்னால் இருப்பது மலையா மேகமா என்றே சொல்ல முடியவில்லை. சில மலைகள் குறுக்கே விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு நின்றன. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான சோடா மாதிரி ஆகி, சுண்ணாம்புக்கல்லை அரித்து அரித்துத்தான் இந்த உருவங்கள் வந்தன என்று அம்மாவிடம் விளக்கினேன். "நம்ம பாத்ரூம் தரை மாதிரியா?" என்றார். ஒன்பது குதிரை மலையில், பாறைக் கறைகளுக்குள் ஒன்பது குதிரையையும் கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரர் என்பது ஊர்ப்பேச்சு. அம்மாவுக்கு நாலு. எனக்கு ஒன்று, அதுவும் கழுதை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் என்று எடுத்தால் அடியில் பன்றித் துண்டு. அம்மா வெறும் சோற்றில், கொண்டுவந்த பருப்புப்பொடியைப் போட்டுச் சாப்பிட்டார்.

ஷிங்பிங் வந்ததும் எல்லோரும் 20 யுவான் நோட்டை எடுத்துக்கொண்டு தளத்துக்கு ஓடினார்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது இந்த இடம்தான். நானும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நோட்டில் மலை வரிசையாக நிற்கிறது, மூங்கில் தெப்பத்தில் ஒருவர் போகிறார். எதிரே இரண்டரை மலை. தெப்பம் வந்தது, ஆனால் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி மோட்டார் வைத்தது. நோட்டு நனைந்ததுதான் மிச்சம்.

மழையில் போகிறவர்கள் சாதாரண டிக்கெட்டே வாங்குங்கள், எப்படியும் மேலேதான் நிற்கப்போகிறீர்கள். குடை காற்றுக்குத் தாங்காது, மழைக்கோட்டு வேண்டும். பிடிப்புள்ள செருப்பும் வேண்டும்: மேல்தளத்து இரும்புப்படி எண்ணெய் ஊற்றியது போல வழுக்கியது, அம்மாவைப் பின்பக்கமாகத் திருப்பி, ஏணியில் இறக்குவதுபோல ஒவ்வொரு படியாக இறக்கினேன்.