நாலே கேள்வியில் ஆறு கூட்டம்: யேலின் ‘சாஸி’ கருவி எதற்கு உதவும், எங்கே கவிழ்க்கும்

யேல் பல்கலைக்கழகத்தின் பருவநிலைத் தொடர்பாடல் திட்டமும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி, இணையத்தில் இலவசமாகக் கொடுக்கும் கருவி சாஸி (SASSY; ‘ஆறு அமெரிக்காக்கள்’ மிகச் சுருக்கக் கணிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). புவி வெப்பமடைதல் பற்றிய நான்கு கேள்விகளுக்கு ஒருவர் சொல்லும் பதிலை வைத்து, அவரை ஆறு பிரிவுகளில் ஒன்றில் சேர்த்துவிடும். தனியாள் தன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு வடிவம் இருக்கிறது, அது பொழுதுபோக்கு. ஒரு குழுவிடம் வாங்கிய பதில்களைக் கோப்பாக ஏற்றி மொத்தமாகப் பிரிக்கும் வடிவம்தான் வேலைக்கு ஆவது. இங்கே பேசப்போவது அதைத்தான்.

ஆறு பிரிவு என்பது யாரோ அறையில் உட்கார்ந்து வகுத்ததல்ல. எட்வர்ட் மைபாக், ஆண்டனி லெய்செரோவிட்ஸ், கோனி ரோசர்-ரெனூஃப் ஆகியோர் 2008 இறுதியில் அமெரிக்கா முழுவதும் 2,164 பேரிடம் கணிப்பு நடத்தினார்கள். நம்பிக்கைகள், விஷயத்தில் இருக்கும் ஈடுபாடு, கொள்கை விருப்பம், அன்றாட நடத்தை என நான்கு வகையில் 36 அளவைகள். ஒரே போக்கில் பதில் சொன்னவர்களைப் புள்ளியியல் முறைப்படி சேர்த்துப் பார்த்தபோது ஆறு கூட்டம் பொருந்தி வந்தது: பதறுவோர் 18%, கவலைப்படுவோர் 33%, தயங்குவோர் 19%, ஒட்டாதோர் 12%, சந்தேகிப்போர் 11%, மறுப்போர் 7%. அதன்பின் ஆண்டுதோறும் கணக்கு எடுத்து வருகிறார்கள். பதறுவோர் 2021 செப்டம்பரில் 33% வரை ஏறி, 2023இல் 28% ஆனார்கள். அந்த ஆண்டு மறுப்போர் 11%, ஒட்டாதோர் வெறும் 6%.

36 கேள்வியை யாரும் வாசலில் நிற்கவைத்துக் கேட்க முடியாது. முதலில் 15 ஆகக் குறைத்தார்கள், 2018இல் நான்காக்கினார்கள். அந்த நான்கு: இந்த விஷயம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எவ்வளவு கவலைப்படுகிறீர்கள், உங்களுக்கு நேரடியாக எவ்வளவு கெடுதல் வரும் என்று நினைக்கிறீர்கள், வருங்காலத் தலைமுறைக்கு எவ்வளவு கெடுதல் வரும். கடைசி இரண்டையும் பிரித்து வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒத்துக்கொள்வார்கள்; தமக்கே ஆபத்து என்று சொல்லத் தயங்குவார்கள். அந்த இடைவெளிதான் கவலைப்படுவோரையும் தயங்குவோரையும் பதறுவோரிடமிருந்து பிரிக்க உதவுகிறது.

சுருக்கியதில் போனது என்ன என்பதும் இதிலேயே தெரியும். நான்கில் ஒன்றுகூட நடத்தையையோ கொள்கை விருப்பத்தையோ கேட்கவில்லை. ஆகவே உங்கள் குழுவில் 40% பதறுவோர் என்று கருவி காட்டினால், 40% பேர் மிகவும் கவலையில் இருக்கிறார்கள் என்றுதான் பொருள். அவர்கள் மனு எழுதுவார்கள், கூட்டத்துக்கு வருவார்கள், மின்சாரக் கட்டணத்தைக் குறைப்பார்கள் என்றெல்லாம் அந்த எண்ணிலிருந்து எடுக்க முடியாது. நன்கொடை கேட்கும் விண்ணப்பங்களில் இந்தத் தாவல் அடிக்கடி நடக்கிறது.

பயன்படுத்துவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. பெரும்பாலானோர் கூகுள் ஃபார்மில் கேள்விகளைப் போட்டு, பதில்களை விரிதாளாக இறக்கி, சொற்களை எண்களாக மாற்றி ஏற்றுவார்கள். முதல் கேள்விக்கு ஐந்து தேர்வு, கவலைக் கேள்விக்கு நான்கு, கெடுதல் கேள்விகளுக்கு நான்குடன் ‘தெரியாது’ என்று ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஐந்து படி அளவுகோலாக்கி அழகாக அடுக்கிவிடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் கருவி கற்றுக்கொண்ட கேள்வி வேறு, நீங்கள் கேட்டது வேறு. சொற்களையும் தேர்வுகளையும் இருக்கிறபடியே வையுங்கள்.

அடுத்தது திசை. படிவத்தில் ‘மிகவும் கவலை’ மேலே இருந்தால், மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடத் தோன்றும். கருவிக்குத் தேவையான வரிசை அதற்கு நேரெதிராக இருந்தால், பதறுவோர் மறுப்போராகிவிடுவார்கள். கல்லூரி வளாகத்தில் எடுத்த கணக்கில் மறுப்போர் 30% என்று வந்தால் ஆச்சரியப்படுவதற்கு முன் எண்ணிடலைப் பாருங்கள். கோப்பை ஏற்றும் முன் பத்து வரிகளை எடுத்து, மூலப் பதிலையும் எண்ணையும் கையால் ஒப்பிட்டால் போதும்.

‘தெரியாது’ என்ற பதிலைத் தூக்கிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விடுபட்ட பதிலும் ‘தெரியாது’வும் ஒன்றல்ல. ஒட்டாதோர் என்ற கூட்டத்தின் அடையாளமே பல கேள்விகளுக்குத் தெரியாது என்று சொல்வதுதான். அவர்கள் எதிர்ப்பவர்கள் அல்ல. விஷயம் காதில் விழாதவர்கள். அந்தத் தேர்வைப் படிவத்திலிருந்து நீக்கினாலோ, விரிதாளில் வெற்றுக் கட்டமாக்கினாலோ, நீங்கள் தேடிப்போக வேண்டிய ஆட்களே அறிக்கையில் இருக்கமாட்டார்கள். மொத்தத்தில் 6% இருக்கும் கூட்டம், 200 பேர் மாதிரியில் 12 பேர். அதில் நாலு பேரைத் தவறவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

மாதிரி அளவைப் பற்றிக் கருவி வாயைத் திறக்காது. 30 பேர் கோப்பைக் கொடுத்தாலும் ஆறு நிறத்தில் படம் போட்டுத் தரும். எதேச்சையாகத் தேர்ந்த 100 பேர் என்றால் பிழை வரம்பு ஏறக்குறைய 10 புள்ளி இந்தப் பக்கம், 10 புள்ளி அந்தப் பக்கம். 400 பேர் என்றால் 5 புள்ளி. விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு முன் 200 பேர், நிகழ்ச்சிக்குப் பின் வேறு 200 பேர் என்று ஒப்பிடுகிறீர்கள் என்றால், பதறுவோர் விழுக்காடு 28ஐ ஒட்டி இருக்கும்போது 9 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தைக் கொண்டாட வேண்டாம். தற்செயலாகவும் அது வரும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டு வாங்கிய பதில்களுக்கு இந்த வரம்புகூடப் பொருந்தாது. அக்கறை உள்ளவர்தான் இணைப்பைத் திறப்பார் என்பதால் பதறுவோர் கூடுதலாகத்தான் வருவார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இதை அப்படியே எடுத்துப் போகலாமா என்று கேட்டால், கூடாது. கருவி ஒவ்வொருவரையும் அமெரிக்கர்களின் பதில் அமைப்போடு ஒப்பிட்டுத்தான் பிரிக்கிறது. ஜெர்மனியில் இதே முறையில் ஆராய்ந்தபோது ஆறு வரவில்லை, ஐந்துதான் வந்தது. இந்தியக் கணக்கு இன்னும் தெளிவானது. 2011 இறுதியில் 4,031 பேரிடம் யேல் எடுத்த கணிப்பிலும் ஆறு கூட்டம் வந்தது, ஆனால் வேறு ஆறு. அதில் 24% பேர் அனுபவத்தால் உணர்ந்தவர்கள் என்ற கூட்டம். அமெரிக்கப் பட்டியலில் இப்படி ஒன்றே கிடையாது. அடுத்து சிவோட்டர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்துடன் 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை 4,619 பேரிடம் எடுத்ததில் நான்கே கூட்டம்: பதறுவோர் 54%, கவலைப்படுவோர் 29%, தயங்குவோர் 11%, ஒட்டாதோர் 7%. சந்தேகிப்போரும் மறுப்போரும் தனிக் கூட்டமாகத் தேறவில்லை.

அந்த 54ஐப் பார்த்து இந்தியாவில் பாதிப் பேர் விவரம் அறிந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆய்வில், புவி வெப்பமடைதல் பற்றிக் கொஞ்சமே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னவர்களும் 54%. இரண்டு எண்ணும் ஒத்துப்போனது தற்செயல். சுருக்கமான விளக்கத்தைக் கேட்ட பிறகு 84% பேர் அது நடக்கிறது என்றார்கள். விளக்கம் கொடுக்காமல் நான்கு கேள்வியை மட்டும் மொழிபெயர்த்து ஊருக்குள் போனால், மழை தவறுவதைக் கண்ணால் பார்க்கும் விவசாயி ‘தெரியாது’ என்று சொல்லி ஒட்டாதோர் கணக்கில் விழுவார். தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் அமெரிக்கக் கருவியை விட்டுவிட்டு, யேலின் இந்திய அறிக்கைகளில் இருக்கும் கேள்விகளிலிருந்து தொடங்குவது நல்லது.

கடைசியாக, விலையில்லாமல் கிடைப்பதால் மறந்துபோகும் ஒன்று. இது யார் இருக்கிறார்கள் என்று காட்டும். என்ன சொல்வது என்று காட்டாது. எளிய, தெளிவான செய்தியை, நம்பிக்கைக்குரிய பலர் வாயால், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது மைபாக் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வழி. அந்த நம்பிக்கைக்குரியவர் யார் என்று நான்கு கேள்வியும் கேட்பதில்லை. அதனால் உங்கள் படிவத்தில் மேலும் இரண்டு கேள்வி சேருங்கள்: இதைப் பற்றி யார் சொன்னால் நம்புவீர்கள், கடந்த ஓராண்டில் இதற்காக எதையாவது செய்தீர்களா. இரண்டையும் அந்த நான்குக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் செய்ததை நினைவுபடுத்திவிட்டுக் கவலையைக் கேட்டதாகிவிடும். பதிலும் அந்தப் பக்கமே சாயும். கோப்பை ஏற்றும்போது பெயர், கைபேசி எண் நிரல்களோடு இந்த இரண்டு நிரலையும் எடுத்துவிட்டு, பதில் சொன்னவருக்கு ஒரு வரிசை எண் மட்டும் விட்டுவையுங்கள். பிரிவு முடிவு வந்ததும் அந்த எண்ணை வைத்துத் திரும்ப இணைத்துக்கொள்ளலாம்.