ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியில் கயாக்: ஏணியா, மிதவையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஓடும் பெர்ணாம் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர்கள் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) வாங்கியதும் எதிலிருந்து இறக்குவது என்று கேட்கிறார்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் உங்கள் ஜெட்டியை, அதாவது படகுத் துறையை, போய்ப் பாருங்கள் என்பதுதான் என் பதில். கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை இங்கே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். காலையில் பலகைக்கு ஒரு முழம் கீழே நின்ற தண்ணீர், மதியம் ஆள் உயரத்துக்கும் கீழே போயிருக்கும்.

மர ஜெட்டியும் ஏணியும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாகச் செலவில்லை. தண்ணீர் ஏறி நிற்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. வற்றியபோதுதான் சிரமம். 25 கிலோ கயாக்கைக் கயிறு கட்டி இறக்கி, பாசி வழுக்கும் படிகளில் நாமும் இறங்கி, ஒரு காலை உள்ளே வைத்ததும் கயாக் நழுவி விலகும். சிப்பி ஒட்டிய படி உள்ளங்காலைக் கிழித்துவிடும். திரும்பி வரும்போது கை சோர்ந்திருக்கும், அப்போது ஏறுவது அதைவிடக் கடினம். தனியாகப் போகிறவருக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

மிதவை ஜெட்டி தண்ணீரோடு ஏறி இறங்கும். பிளாஸ்டிக் டிரம்களின் மேல் பலகை அடித்து, நட்ட தூண்களில் வளையம் மாட்டினால், வளையம் தூணில் மேலும் கீழும் நகரும். எந்த நேரமும் தண்ணீர் ஒரு சாண் கீழேதான். பலகை ஓரத்தில் உட்கார்ந்தபடியே கயாக்குக்குள் நகர்ந்துவிடலாம். முழங்கால் வலி உள்ள என் அக்காவே இதனால்தான் மறுபடி ஆற்றில் இறங்கினார். ஆனால் வற்றும்போதும் அடியில் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேற்றில் சாய்ந்து உட்காரும். மழைக்குப் பிறகு மிதந்து வரும் கட்டைகளும் நிப்பா பனை மட்டைகளும் மோதும். ஆற்றோரமாக அரசு ஒதுக்கி வைத்த நிலத்தில் கட்டுவதால் முதலில் அனுமதி கேளுங்கள்.

கரையிலிருந்தே இறங்கலாமா? முழங்கால் வரை சேறு, ஆற்றில் முதலையும் உண்டு. வேண்டாம்.

அப்புறம், எங்கே வைப்பது? என் முதல் கயாக்கை ஜெட்டிக் கூரையில் இரு முனைக் கைப்பிடிகளிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சில மாதங்களில் நடுப்பகுதி தொய்ந்து போனது. கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெயிலில் இளகும், அதோடு தன் எடையையும் தாங்க வேண்டும் என்றால் வளைந்துவிடும். தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் பாசியும் சிப்பியும் அடியில் படியும். ஜெட்டியில் தாங்கி அடிப்பது கைக்கு எட்டும் வசதிதான், ஆனால் மேலிருந்து வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், இரவில் திருட்டுப் பயம்.

எனக்கு வீட்டுக் கார் கொட்டகைதான் சரி. இரு முனையிலிருந்தும் கால்வாசி தூரத்தில் இரண்டு அகலப் பட்டைகள், அவற்றில் கயாக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறேன். ஜெட்டி வரை கொண்டுபோக இரு சக்கரத் தள்ளுவண்டி போதும். உப்பு கலந்த நீர் என்பதால் குழாய்த் தண்ணீரில் கழுவி, வடிகால் மூடியைத் திறந்தே விடுங்கள். மறுமுறை எடுக்கும்போது உள்ளே குளவிக் கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.