போனிக்ஸா, சைட் வேர்ட்ஸா? கோடை விடுமுறை கழிந்தும் நிற்பது எது

சேலத்தில் எல்கேஜி சேர்க்கைக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோர் காதில் இரண்டு பெயர்கள் கட்டாயம் விழும்: போனிக்ஸ், சைட் வேர்ட்ஸ். இரண்டும் ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரும் வழிகள். என் மகளின் பள்ளியிலிருந்து சைட் வேர்ட்ஸ் பட்டியல் வந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் போனிக்ஸைக் கையில் எடுத்தேன். ஒரே பிள்ளையிடம் இரண்டையும் அருகருகே பார்க்க முடிந்தது. என் சாய்வு போனிக்ஸ் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைட் வேர்ட்ஸ் என்றால் சொல்லை முழுதாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வது. ‘தி’ (the), ‘வாஸ்’ (was), ‘செட்’ (said), ‘தே’ (they) மாதிரி அடிக்கடி வரும் சொற்களை அட்டையில் எழுதிக் காட்டிச் சொல்ல வைப்பார்கள். இதில் பெயர்பெற்ற பட்டியல் அமெரிக்கரான எட்வர்ட் டோல்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்கள். போனிக்ஸில் எழுத்துக்கு உரிய ஒலியைக் கற்று, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லை வாசிக்க வேண்டும்.

சைட் வேர்ட்ஸின் நன்மைகளைத் தேட வேண்டியதில்லை. பலன் சீக்கிரம் தெரியும். சில வாரங்களில் பிள்ளை ‘ஐ கேன் சீ தி கேட்’ என்று வாசிக்கும், தாத்தா பாட்டிக்குப் பெருமையாக இருக்கும். சொல்லித்தருபவருக்குத் தனிப் பயிற்சியும் வேண்டாம். போனிக்ஸில் ஆரம்பம் மெதுவாகத்தான் நகரும், ‘எங்கே, ஒரு வரி படி பார்ப்போம்’ என்று கேட்கும் உறவினர் முன்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். கற்றதைத் தக்கவைத்துக்கொள்ள எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதுதான் அது.

எங்கள் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான். ஏப்ரல், மே வந்தால் பிள்ளைகள் ஓமலூர்ப் பக்கம், வாழப்பாடிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆங்கிலப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை, தொடச் சொல்லவும் மனம் வராது. ஜூனில் பள்ளி திறந்ததும் அட்டைகளை எடுத்தபோது ‘வாஸ்’ என்பதை ‘சா’ (saw) என்றாள் மகள். இரண்டிலும் அதே மூன்று எழுத்துகள், திசைதான் வேறு. ‘வேர்’ (where), ‘தேர்’ (there), ‘வெர்’ (were) மூன்றும் குழம்பிப்போயிருந்தன. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்க ஆரம்பித்தாள். உருவத்தை மட்டும் நம்பி மனதில் ஏற்றிய சொல், புழங்காமல் விட்டால் கரைந்துவிடுகிறது. ஒலியைச் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொண்ட சொற்களிலும் வேகம் குறைந்திருந்தது. ஆனால் எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரிந்தது, திணறினாலும் தானே போய்ச் சேர்ந்தாள்.

ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது. இரவில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினாலே டோல்ச் பட்டியல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் ஆங்கிலம் எது? கடைப் பலகைதான். ஐந்து ரோட்டிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்ட் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாலும் ‘வாஸ்’ என்றோ ‘செட்’ என்றோ எழுதிய பலகை அகப்படாது. ‘சில்க்’, ‘மில்க்’, ‘பஸ்’, ‘ஸ்டாண்ட்’, ‘ஸ்டாப்’ என்றுதான் இருக்கும். இவை அத்தனையும் ஒலி சேர்த்து வாசிக்கக்கூடியவை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வரும் பலகையில் ‘பெண்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் ஜன்னலோரம் உட்கார்ந்து உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள் மகள். யாரும் கேட்காமலே பயிற்சி நடந்தது. உச்சிக்குப் போனதும் ‘ஏற்காடு’ என்ற ஆங்கிலப் பலகையில் தடுக்கி விழுந்தாள். அந்த எழுத்துக்கூட்டலுக்கு எந்த விதியும் துணைக்கு வராது, நானே சொல்லிக்கொடுத்தேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு போனிக்ஸ் புதிய வித்தையும் அல்ல. ‘ப, ட, ம், படம்’ என்று எழுத்துக்கூட்டித்தானே எல்லோரும் வாசிக்கத் தொடங்கினோம். ட, ப, ம மூன்றை வைத்துக்கொண்டே படம், பட்டம், மடம் என்று நிறையச் சொற்களைப் பிடித்துவிடலாம். போனிக்ஸிலும் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளோடு தொடங்குவது பரவலான வழக்கம். ‘சிட்’, ‘டின்’, ‘பின்’, ‘பேன்’ எல்லாம் அதிலேயே வந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், தமிழில் அ-வின் பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தில் ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் வ ஒலி இல்லை, ‘எச்’ என்பதற்குள் ஹ ஒலி இல்லை. பெயர்களை மட்டும் ஒப்பிக்கக் கற்ற பிள்ளை ‘வெட்’ (wet) என்ற சொல்லின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பதில் ஆச்சரியமில்லை.

ஒலியைச் சொல்லித்தரும்போது பலரும் ‘பஹ்’, ‘டஹ்’ என்று பின்னால் ஓர் உயிரொலியை இழுக்கிறார்கள். அப்படிச் சொன்னால் சேர்க்கும்போது சொல் கிடைக்காது. நம்மிடம் புள்ளி வைத்த மெய் இருக்கிறது: ப், ட், ம், ஸ். அப்படியே வெட்டிச் சொன்னால் போதும், சொல் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலம் தடுமாறும் அம்மாக்கள்கூட இதை நன்றாகச் செய்வார்கள்.

சிரமப்படும் இடமும் உண்டு. தமிழில் ப ஒரே எழுத்து. ‘பின்’ (pin) என்பதன் ப ஒலியையும் ‘பெண்ட்’ (bend) என்பதன் அழுத்தமான ப ஒலியையும் பிள்ளைகள் ஒன்றாகவே கேட்பார்கள். ட, க இரண்டிலும் அதே கதைதான். தொண்டையில் கைவைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னது எங்களுக்கு உதவியது. ‘பென்’ (pen), ‘பேன்’ (pan) உயிரொலி வித்தியாசம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. எழுதும்போது மாற்றித்தான் எழுதுகிறாள்.

அப்படியானால் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், அதுவும் சரிவராது. ‘ஒன்’ (one), ‘டூ’ (two), ‘ஆஃப்’ (of) போன்றவற்றை எந்த ஒலி விதியாலும் நேராகப் பிடிக்க முடியாது. ஆனால் டோல்ச் பட்டியலை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ‘இட்’, ‘இன்’, ‘அப்’, ‘ரன்’, ‘பிக்’, ‘டிட்’ என்று ஒலி சேர்த்தே வாசிக்கக்கூடியவை நிறையக் கலந்திருக்கின்றன. அவற்றை உருவமாக மனப்பாடம் செய்வது வீண் சுமை. மிச்சமிருக்கும் முரட்டுச் சொற்களிலும் முழுச் சொல்லும் முரடாக இருப்பதில்லை. ‘செட்’ என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் வரும் இரண்டு எழுத்துகள் மட்டுமே ஏமாற்றுகின்றன. அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டு நினைவில் வைக்கச் சொன்னேன். வாசிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த லின்னியா ஏரி சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. எழுத்தும் ஒலியும் பிணைந்து பதிந்த பிறகுதான் ஒரு சொல் பார்த்த மாத்திரத்தில் வாயில் வரும் என்கிறார் அவர்.

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் தந்த அறிக்கை முறையான போனிக்ஸை ஆதரித்தது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சோதனை வைக்கிறார்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள், மனப்பாடத்தால் தப்பிக்க முடியாது. ஆனால் அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி, வாசித்துவிட்டால் பொருள் தானே புரியும். என் மகள் ‘மட்’ என்று தெளிவாக வாசித்துவிட்டு, சேறு என்று நான் சொல்லும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குறையை போனிக்ஸ் தீர்க்காது. பேச்சும் கதையும் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

நான் சொல்வது ஆரம்பத்திலிருந்து தொடங்கிய ஒரு பிள்ளையை வைத்து. மூன்றாம் வகுப்பு வரை மனப்பாடத்திலேயே வந்துவிட்ட பிள்ளைக்கும் இதே வேகத்தில் பலன் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பள்ளியில் ‘எங்களிடம் போனிக்ஸ் உண்டு’ என்றால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எந்த வரிசையில் ஒலிகளைச் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பில் கொடுக்கும் வாசிப்புப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். இதுவரை கற்ற ஒலிகளால் ஆன சொற்கள் அதில் இருக்கின்றனவா, அல்லது படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய சொற்களா என்று இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.