ஈறுக்கென்று வாங்கிய கோ-க்யூ 10 மாத்திரை: மூன்று மாதம் சாப்பிட்ட பிறகு

பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறதே என்ற பயத்தில்தான் ஆன்லைனில் இந்த 100 மில்லிகிராம் மாத்திரையை வாங்கினேன். மைட்டோகாண்ட்ரியாவுக்கு (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டி உறுப்பு) சக்தி, ஈறுக்கு உறுதி என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. தினம் ஒன்று, மூன்று டப்பா முடித்தேன். ரத்தம் நிற்கவில்லை.

டப்பாவில் சொன்ன அறிவியல் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்தி தயாராகும்போது எலக்ட்ரான்களை வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கிற பொருள்தான் கோ-க்யூ 10, 1957-ல் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஈறுக்கடியில் இருக்கும் பாக்டீரியாவின் நச்சு பட்டால் ஈறு செல்லின் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது, எலக்ட்ரான் நடுவழியில் கசிந்து ஆக்சிஜனோடு சேர்கிறது, அதில் பிறக்கும் மூலக்கூறுகள் செல்லையே அரிக்கின்றன, வீக்கம் கூடுகிறது, அது நாள்கணக்கில் நீடித்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரைகிறது. எல்லாம் சரி. ஆனால் இத்தனைக்கும் காரணமான பாக்டீரியா பல்லில் ஒட்டிய அழுக்கிலும் காரையிலும் உட்கார்ந்திருக்கிறது, அதை எந்த மாத்திரையும் சுரண்டி எடுக்காது. இந்த ஒரு வரியை டப்பாவில் போடாததுதான் என் கோபம்.

கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பி விட்டு இடைவெளியின் ஆழத்தை அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம், எனக்குக் கடைவாயில் இரண்டு இடத்தில் 5. மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தடவையாக வேர் வரைக்கும் சுத்தம் செய்தார். அப்புறம் தினமும் ராத்திரி பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ். மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது, மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மாத்திரையால் வயிற்றுத் தொந்தரவு எதுவும் வரவில்லை, விழுங்கவும் சுலபம். கொழுப்பில் கரைவது என்பதால் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும், அதுவும் டப்பாவில் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம், அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடக்கூடும்.

மாத்திரைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சுத்தம் செய்த பிறகு கூடவே சாப்பிட்டால் கொஞ்சம் உதவலாம் என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன, கேட்டுப் பார்த்தேன், எனக்குத் தேவையில்லை என்றுவிட்டார் டாக்டர். நான்காவது டப்பா வாங்கவில்லை.