கம்பைலர் சோதனைகளை மொழியின் எல்லாப் பதிப்பிலும் ஓட்டுவதா, மிகப் பழையது, மிகப் புதியது என்ற இரு முனையில் ஓட்டினால் போதுமா?

சி மொழியில் இரண்டே வரி. _ என்பது ஒரு முழு எண் மாறி:

_ = 10 //**/ 2
;

சி89 என்ற 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் விடை 5. சி99-இல் 10. சி89-க்கு // என்ற இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பே (கமென்ட்) தெரியாது. அதனால் முதல் கோடு வகுத்தல், அதை ஒட்டி வருவது ஒரு வெற்றுக் குறிப்பு. சி99-இல் இரண்டு கோடும் சேர்ந்து வரியின் மீதியை விழுங்கிவிடும். ஜிசிசி கம்பைலரின் முன்செயலியில் (நிரலை முதலில் வாசிக்கும் பகுதி) இதற்கென்றே தனிக் கிளை உண்டு: சி89 ஆக இருந்து, // முடிந்ததும் * வந்தால் வகுத்தல் என்று எடுத்துக்கொள்ளும். அதே ஜிசிசியில் குனு89 (ஜிசிசியின் சொந்தச் சேர்க்கைகளோடு கூடிய சி89) என்று ஓட்டினால் மறுபடியும் 10.

கம்பைலர் எழுதுகிறவர் இந்தக் கிளையைத் தெரியாமல் உடைத்தால் எந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்? கண்டிப்பான சி89-இல் ஓடும் சோதனை மட்டும்தான். மற்ற எதில் ஓட்டினாலும் எல்லாம் பச்சை.

சரி, எல்லாப் பதிப்பிலும் ஓட்டிவிடலாமே என்றால் கணக்கு இடிக்கும். சி++ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 98, 11, 14, 17, 20, 23, 26 என ஏழு (03ஐ 98 கணக்கில் சேர்த்துவிட்டேன்). கண்டிப்பான வடிவம், குனு வடிவம் என்று பிரித்தால் பதினான்கு. ஐந்து ஆப்டிமைசேஷன் நிலை என்றால், ஒரு கோப்புக்கு எழுபது ஓட்டம். இலக்கு இயந்திரங்களை இன்னும் தொடவே இல்லை.

ஆகவே பலரும் முதலில் போகும் வழி டீஃபால்ட் பதிப்பில், அதாவது எதுவும் சொல்லாவிட்டால் கம்பைலர் தானாக எடுத்துக்கொள்ளும் பதிப்பில், மட்டும் ஓட்டுவது. மலிவு. பெரும்பாலானோர் பயன்படுத்துவதும் அதுதான். ஆனால் டீஃபால்ட் நகரும். ஜிசிசி 6-இல் சி++ டீஃபால்ட் குனு14 ஆனது, ஜிசிசி 11-இல் குனு17. இன்னொரு கம்பைலரான கிளாங் 2023-இல் வந்த 16-ஆம் வெளியீட்டில்தான் 17-க்கு வந்தது. அப்போது பதிப்பு எதையும் குறிப்பிடாத பழைய சோதனைகள் பலவற்றுக்கு உட்கார்ந்து 14 என்று ஒட்டவேண்டி வந்தது. ஒட்டாமல் விட்டால் சோதனை இருக்கும், ஆனால் அது எதைக் காக்க எழுதப்பட்டதோ அது காவலின்றிக் கிடக்கும். சி பக்கம் இதைவிடக் கூர்மை. 2025-இல் வந்த ஜிசிசி 15 டீஃபால்டை சி23 ஆக்கியதும், காலி அடைப்புக்குறியோடு அறிவித்த ஃபங்ஷன் 'ஆர்குமென்ட் எதையும் வாங்காதது' என்று பொருள் மாறியது. பழைய சி நிரல்கள் பல அதில் உடைந்தன.

அடுத்தது ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++இன் சோதனைத் தொகுப்பு போகும் வழி. சோதனைக் கோப்பு பதிப்பைக் கட்டாயப்படுத்தவில்லை என்றால், தேர்ந்தெடுத்த சில பதிப்புகளில் மட்டும் ஓட்டுவது. முன்னுரிமை முதலில் டீஃபால்டுக்கு, பிறகு மிகப் பழையதற்கும் மிகப் புதியதற்கும், அதற்குப் பிறகே மற்றவைக்கு. 'சி++20 முதல் மேலே', '17 மட்டும்', '14 முதல் கீழே' என்று கோப்பின் தலையிலேயே எழுதி வைக்கவும் வசதி உண்டு. ஒரே வரி 14 வரை எச்சரிக்கை தரவேண்டும், 17-இல் தரக்கூடாது என்பதையும் ஒரே கோப்பில் சொல்லிவிடலாம். எனக்கு மிகப் பிடித்தது இந்த வசதிதான். (சி++11 அம்சச் சோதனைகள் இருக்கும் அடைவு ஒன்றின் பெயர் இன்னும் 'சிபிபி0எக்ஸ்'. அந்தப் பதிப்பு 2010-க்குள் வந்துவிடும் என்று வைத்த பெயர், வந்தது 2011-இல்.)

இரு முனையும் பார்த்தால் நடுவில் உள்ளதெல்லாம் தானாகச் சரியாக இருக்கும் என்பதே இந்த முறையின் நம்பிக்கை. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சி++11-இல் கான்ஸ்டெக்ஸ்பர் (கம்பைல் செய்யும்போதே கணக்கிடத்தக்கது) என்று குறித்த உறுப்பு ஃபங்ஷன், எழுதாமலேயே கான்ஸ்ட் (தன் ஆப்ஜெக்டை மாற்றாதது) ஆகிவிடும். 14-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 98-இல் அந்தச் சொல்லே கிடையாது. ஆக இந்த விதி உயிரோடு இருப்பது 11 என்ற ஒரே ஒரு பதிப்பில். 98, 17, 26 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள், அது உடைந்தது தெரியவே தெரியாது. ஜி++ பட்டியல் சில காலம் 98, 14, 17, 20 என்று இருந்தது. 11 அதில் இல்லை.

நூலகம் என்றால் கதை வேறு. கிளாங்கையும் உருவாக்கும் எல்எல்விஎம் திட்டத்தின் சி++ நூலகமான லிப்சி++, 03 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் சிஐயில் (மாற்றம் வரும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை அமைப்பு) தனி ஓட்டம் வைத்திருக்கிறது. ஹெடர் கோப்புகள் முழுக்க 'இந்தப் பதிப்பானால் இது, இல்லையேல் அது' என்ற பிரிவுகள் என்பதால் அந்தச் செலவு நியாயமானதே. மாறாக, ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டை (எந்த மதிப்பு பிராசஸரின் எந்த ரெஜிஸ்டரில் என்று கம்பைலர் கடைசியில் முடிவுசெய்வதை) சோதிக்கும் கோப்பை ஏழு பதிப்பில் ஓட்டுவது மின்சாரத்துக்குக் கேடு. அந்தக் கட்டத்துக்கு வரும்போது மூலநிரல் எந்தப் பதிப்பு என்பது பெரும்பாலும் மறைந்துபோயிருக்கும்.

ரஸ்ட் மொழியில் வேடிக்கை ஒன்று உண்டு. அங்கே பதிப்புக்குப் பெயர் எடிஷன். கார்கோ என்ற கட்டுமானக் கருவியில் புதுத் திட்டம் தொடங்கினால் இப்போது 2024 எடிஷன். ஆனால் கம்பைலரான ரஸ்ட்சியை நேராகக் கூப்பிட்டு எடிஷன் சொல்லாவிட்டால் 2015. எனவே எடிஷன் குறிக்காத கம்பைலர் சோதனைகள் நெடுங்காலம், புதிதாக யாரும் எழுதாத எடிஷனில்தான் ஓடின. இந்த ஓட்டையைப் பெருமளவு அடைப்பது கிரேட்டர் என்ற கருவி. ரஸ்ட்டின் பொதுக் களஞ்சியமான கிரேட்ஸ்.ஐஓவில் உள்ள பொட்டலங்களைப் பழைய கம்பைலரிலும் புதியதிலும் கட்டி ஒப்பிடும். ஒவ்வொரு பொட்டலமும் தன் எடிஷனோடு வருவதால், எந்த எடிஷனுக்கு எவ்வளவு எடை என்பதைப் பயனர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். ஆனால் உடைந்த பிறகுதான் தெரியும், அதுவும் மெதுவாக. ஜாவாவோ பட்டியலின் நீளத்தையே வெட்டுகிறது. ஜேடிகே (ஜாவா கம்பைலர் அடங்கிய தொகுப்பு) 12-இல் ஜாவா 6-க்கான ஆதரவு போனது, ஜேடிகே 20-இல் ஜாவா 7 போனது. சி++காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் தேர்வு இது. ஒவ்வொரு பேட்சுக்கும் (கம்பைலரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) டீஃபால்ட், பழையது, புதியது. மொழியின் பொருள் எந்தப் பதிப்பில் மாறுகிறதோ, அந்த எல்லையின் இரு பக்கத்தையும் அந்த அம்சத்தின் சோதனைக் கோப்பிலேயே பெயர் சொல்லிக் குறித்துவிடுவது. ஏழு பதிப்பும் இரவு ஓட்டத்துக்கு.

இரவு ஓட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பதிப்பு பொருந்தாத சோதனை தோற்றதாகக் கணக்காகாது, 'ஆதரவில்லை' என்று ஒதுங்கிவிடும். நான் ஒருமுறை தலைப்பில் '11 மட்டும்' என்று எழுதினேன். ஓட்டப் பட்டியலில் 11 இல்லை என்பதைப் பார்க்கவே இல்லை. தோல்வி எண்ணிக்கை பூஜ்யம் என்று வாரக்கணக்கில் நிம்மதியாக இருந்தேன். இப்போதெல்லாம் தோல்வியைப் பார்க்குமுன் 'ஆதரவில்லை' எண்ணிக்கை நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.