46,500 ரூபாய்க்கு ஒரு கோட் கறுப்பு பெயின்ட்: பழைய கார் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம் குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினேன். ஸ்டியரிங் கடைசி வரை ஒடித்திருந்தது, வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். டக் என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் சாய்ந்து படுத்துவிட்டது. அந்த முன்சக்கரங்கள் இரண்டுக்கும்தான் ஒன்பது நாளைக்கு முன்னால் 46,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டி 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. கண்காட்சிக்குத் துடைத்து வைக்கிற வண்டி இல்லை. தினமும் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். மழை என்றால் துணிக்கூரை ஒழுகும், மடியில் துண்டு விரித்துக்கொள்வேன். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டுக் கெஞ்ச வேண்டும். வளைவுக்குள் போனபிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குக் கிளம்பும். எல்லாம் தெரிந்துதான் ஓட்டுகிறேன், அதில் யார் மேலும் வருத்தமில்லை.

இந்த வண்டியின் அடிச்சட்டம் ஹெரால்டு காரிலிருந்து வந்தது. நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த அதே ஹெரால்டுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குள் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் போக வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாக இறங்காது, தண்ணீர் தங்கித் துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறியும்.

அதற்குப் பயந்துதான் கீழே சமவெளிக்குப் போனேன். பழைய கார் புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப், பெயர் வேண்டாம். "வாங்ணா, வாங்ணா" என்று வாசலுக்கே வந்தார் முதலாளி. அவர் அப்பா ஹெரால்டு வேலையிலேயே வளர்ந்தவராம். டீ வந்தது. ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பிரித்து, எண்ணெய்க் காகிதத்திலிருந்து புது ட்ரன்னியனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக, ஜில்லென்று, மஞ்சளாக மின்னியது. "லண்டன்லருந்து வந்ததுங்ணா, தண்டும் புதுசுதான் போடறோம்" என்றார். அந்த இடத்தில் விழுந்தேன். முழுப் பணத்தையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். 46,500. பழைய பாகங்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கல்லாறு தாண்டி பர்லியார் வழியாக அந்த வண்டியில்தான் ஏறி வந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் பதினாலு, ஒரு பக்கம் பள்ளம். ராத்திரி முழுக்க அதுதான் கண்ணுக்குள் ஓடியது.

இன்று காலை நம்ம ஊர் மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றினார். மண்ணெண்ணெய்த் துணியால் தண்டில் ஒரு துடை. கறுப்பு பெயின்ட் அப்படியே துணியோடு வந்துவிட்டது. கீழே பழைய துரு. ட்ரன்னியன் நிறைய கிரீஸ். அதன் ஓரத்தில் ஒரு உளிக் கீறல். "தம்பி, இது நான் போட்ட அடையாளம்" என்றார். மூணு வருஷத்துக்கு முன்னால் இடது வலது மாறாமல் இருக்க அவரே போட்ட கோடு! என் பழைய சாமானுக்கே பெயின்ட் அடித்து 46,500 வாங்கியிருக்கிறார்கள்.

உடனே போன் போட்டேன். முதல் தடவை, "மலையில ஓட்டினா அப்படித்தாங்ணா ஆகும்." ரெண்டாவது தடவை, பையன்தான் வேலை பார்த்தானாம், அவன் லீவாம். உளிக் கீறல் போட்டோவை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூணாவது தடவை நான் சார் ஆகிவிட்டேன். "சார், பழைய வண்டிக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார்." அப்புறம் போன் எடுக்கவே இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடப் போகிறேன். ஆனால் கையில் இருக்கிற சீட்டில் "முன்பக்க வேலை – 46,500" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. என்ன பாகம் என்று ஒரு எழுத்து இல்லை. அதைப் பார்த்து வாங்காமல் மடித்துப் பையில் வைத்தவன் நான்தான்.

என்ன கவனிக்கணும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயர் இருக்கட்டும். முழுப் பணத்தை முன்னாடி கொடுக்காதீர்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்களும் ட்ரன்னியனை ஒருதடவை பார்த்துவிடுங்கள், உள்ளே கிரீஸ் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பாய் இப்போதுதான் கூப்பிட்டார். வலது பக்கமும் கழற்றிவிட்டாராம். அதிலும் அதே கறுப்பு பெயின்ட்.